பார்டர்லைன் சுகர் ரிப்போர்ட்: தடித்த எழுத்தில் இல்லாத வரிகளையும் படியுங்கள்

முழு உடல் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் பலர் முதலில் தேடுவது சுகர் வரியைத்தான். 126-க்குக் கீழே இருந்தால் ‘சுகர் இல்லை, பார்டர்லைன்தான்’ என்று மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். மற்ற வரிகளில் தடித்த எழுத்தில் ஏதாவது இருந்தால் அதை மட்டும் தனியாகக் கவலைப்படுவார்கள். கொழுப்புக்கு ஒரு கவலை, ஈரலுக்கு ஒரு கவலை, யூரிக் அமிலத்துக்கு இன்னொன்று. ஆனால் இவை எல்லாமே இன்சுலின் எதிர்ப்பு என்ற ஒரே கோளாறிலிருந்து கிளம்பியவையாக இருக்கலாம். அதுவும் சுகர் ஏறுவதற்குச் சில வருடங்கள் முன்பே கிளம்பியிருக்கலாம்.

ஒரு மாதிரி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பேசுவோம். ஆண், வயது 44. இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ., ரத்த அழுத்தம் 128/84. வெறும் வயிற்று சுகர் 104. எச்பிஏ1சி (‘மூணு மாச சுகர்’) 5.8 சதவீதம். மொத்தக் கொலஸ்ட்ரால் 188, டிரைகிளிசரைடு 210, எச்டிஎல் (‘நல்ல’ கொலஸ்ட்ரால்) 35, எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) 111, விஎல்டிஎல் 42. ஈரல் நொதிகளான எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 56. யூரிக் அமிலம் 7.3. (சுகர், கொழுப்பு, யூரிக் அமிலம் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.) இதில் எந்த எண்ணும் பயமுறுத்தவில்லை. ‘எண்ணெயைக் குறைங்க, நடங்க’ என்ற இரண்டு வார்த்தையோடு அனுப்பப்படும் ரிப்போர்ட் இது.

ஆனால் இந்த மனிதருக்கு மெட்டபாலிக் சிண்ட்ரோம் (நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கும் கோளாறுகளின் தொகுப்பு) இருக்கிறது. 2009-இல் சர்வதேச நீரிழிவு, இதய அமைப்புகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட வரையறை ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது. இடுப்புச் சுற்றளவு, தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. அல்லது அதற்கு மேல். டிரைகிளிசரைடு 150 அல்லது மேல். எச்டிஎல் ஆண்களில் 40-க்குக் கீழ், பெண்களில் 50-க்குக் கீழ். ரத்த அழுத்தத்தில் மேல் எண் 130 அல்லது கீழ் எண் 85-ஐத் தொடுவது. வெறும் வயிற்று சுகர் 100 அல்லது மேல். இவற்றில் ஏதாவது மூன்று இருந்தால் போதும். நம் மாதிரி மனிதருக்கு நான்கு இருக்கின்றன, ஐந்தாவதான ரத்த அழுத்தமும் வாசலில் நிற்கிறது. இடுப்பை அளக்க ஒரு டேப் போதும், ஆனால் அளக்கும் இடம் முக்கியம்: பேண்ட் பெல்ட் போடும் இடமல்ல, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில். பெல்ட் சைஸை வைத்துச் சொன்னால் தொப்பைக்குக் கீழே அளந்த எண்தான் கிடைக்கும்.

சுகர் ஏன் கடைசியில் ஏறுகிறது? தசையும் ஈரலும் கொழுப்புத் திசுவும் இன்சுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை என்றால் (இதுதான் இன்சுலின் எதிர்ப்பு) கணையம் அதிக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டும். அந்த ஈடு நடக்கும்வரை சுகர் எண் நன்றாகவே இருக்கும். லண்டன் அரசு ஊழியர்களை வைத்து நடக்கும் வைட்ஹால் 2 ஆய்வு, 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் இதன் போக்கைத் தெளிவாகக் காட்டியது. பின்னாளில் நீரிழிவு வந்தவர்களின் பழைய ரத்தப் பரிசோதனைகளைப் பின்னோக்கிப் பார்த்தபோது, வெறும் வயிற்று சுகர் பல வருடங்கள் மெதுவாகத்தான் நகர்ந்திருந்தது. கண்டறியப்படுவதற்கு மூன்று வருடம் முன்பிலிருந்துதான் செங்குத்தாக ஏறியது: சராசரியாக 5.79 மில்லிமோலிலிருந்து 7.40-க்கு. நம் அலகில் 104-இலிருந்து 133. இன்சுலின் வேலை செய்யும் திறனோ அதற்கும் முன்பே, ஐந்து வருடம் முன்பிலிருந்தே, வேகமாகச் சரிந்திருந்தது. 104 இருக்கும் எல்லோருக்கும் மூன்று வருடத்தில் நீரிழிவு வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. அது நீரிழிவு வந்தவர்களின் சராசரிப் பாதை. ஆனால் 104-ஐ ‘கிட்டத்தட்ட நார்மல்’ என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு இது போதும்.

இப்போது கொழுப்பு வரிகளுக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்த ரிப்போர்ட்டில் அதிகம் படிக்க வேண்டிய இடம் இதுதான். இன்சுலினின் வேலைகளில் ஒன்று, கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கசியாமல் தடுப்பது. அந்தத் தடை தளர்ந்தால் கொழுப்பு அமிலங்கள் ஈரலுக்கு வந்து குவியும். அதோடு, ரத்தத்தில் கூடுதலாக ஓடும் இன்சுலின், சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றும் வேலையை ஈரலில் இன்னும் தூண்டிக்கொண்டே இருக்கும். ஈரல் இந்தக் கொழுப்பை விஎல்டிஎல் என்ற துகள்களில் ஏற்றி ரத்தத்தில் விடுகிறது. அதுதான் டிரைகிளிசரைடு 210. அதனால்தான் எண்ணெயே தொடாத, மூன்று வேளையும் சோறும் இட்லியும் சாப்பிடுகிறவருக்கும் டிரைகிளிசரைடு ஏறுகிறது. மாவுச்சத்து, இனிப்பு, மது ஆகிய மூன்றும் இந்த எண்ணை எண்ணெயைவிட வேகமாக ஏற்றும்.

டிரைகிளிசரைடு நிறைந்த துகள்கள் ரத்தத்தில் சுற்றும்போது ஒரு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. ஒரு புரதத்தின் உதவியோடு அவை தங்கள் டிரைகிளிசரைடை எச்டிஎல்லுக்கும் எல்டிஎல்லுக்கும் கொடுத்துவிட்டு, அவற்றிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கின்றன. டிரைகிளிசரைடு ஏறிய எச்டிஎல்லை ஈரலின் ஒரு நொதி அரித்துச் சிறிதாக்குகிறது. சிறிதான எச்டிஎல் சீக்கிரம் ரத்தத்திலிருந்து வெளியேறிவிடுகிறது. எச்டிஎல் 35-க்கு இறங்கியது இப்படித்தான். எல்டிஎல்லுக்கும் அதே கதி. சிறிய, அடர்த்தியான எல்டிஎல் துகள்களாக மாறிவிடும்.

இங்கேதான் எல்டிஎல் 111 என்ற எண் ஏமாற்றுகிறது. பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் எல்டிஎல் நேரடியாக அளக்கப்படுவதில்லை, கணக்குப் போட்டு எழுதப்படுகிறது: மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது. 188 கழித்தல் 35 கழித்தல் 42, ஆக 111. இந்தச் சூத்திரம் டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் செல்லாது. 200-ஐத் தாண்டும்போதே உண்மையைவிடக் குறைத்துக் காட்டத் தொடங்கிவிடும். தவிர, எல்டிஎல் எண் சொல்வது கொலஸ்ட்ராலின் எடையைத்தான், துகள்களின் எண்ணிக்கையை அல்ல. ஒவ்வொன்றும் சிறிதாக இருந்தால் அதே 111-க்குள் அதிகத் துகள்கள் இருக்கும். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைவது துகள்கள்தான்.

அதனால் ஒரு எளிய கழித்தலைச் செய்யுங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள். 153 வருகிறது. இதற்கு நான்-எச்டிஎல் என்று பெயர், காசு எதுவும் கூடுதலாகக் கிடையாது, சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்திருந்தாலும் செல்லும். ஒருவருக்கு எல்டிஎல் இலக்கு எவ்வளவோ அதோடு 30 கூட்டினால் நான்-எச்டிஎல் இலக்கு. இலக்கு 100 என்றால் நான்-எச்டிஎல் 130-க்குள் இருக்க வேண்டும். நம் மாதிரி மனிதர் எல்டிஎல் கணக்கில் 11 மட்டுமே அதிகம், நான்-எச்டிஎல் கணக்கில் 23 அதிகம். துகள் எண்ணிக்கையையே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அப்போ-பி என்ற பரிசோதனை இருக்கிறது. விஎல்டிஎல்லோ எல்டிஎல்லோ, ஒரு துகளுக்கு ஒரே ஒரு அப்போ-பி மூலக்கூறுதான் என்பதால் அது நேராகத் தலையெண்ணும். டிரைகிளிசரைடு அதிகம், எல்டிஎல் சுமார் என்று இருப்பவர்களுக்கு அப்போ-பி பார்ப்பது செலவழித்த காசுக்கு மதிப்புள்ளது.

நம் ஊர் ரத்தத்தில் டிரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு என்ற ஜோடி எவ்வளவு சகஜம் என்பதற்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின் கொழுப்புக் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் எடுத்த அந்தக் கணக்கில் எல்டிஎல் அதிகம் இருந்தவர்கள் 11.8 சதவீதம்தான். டிரைகிளிசரைடு அதிகம் 29.5 சதவீதம். எச்டிஎல் குறைவு 72.3 சதவீதம். எல்டிஎல் வரியை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது இந்த மக்களுக்கு ஒத்துவராத பழக்கம்.

டிரைகிளிசரைடை எச்டிஎல்லால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் இன்சுலின் எதிர்ப்பின் ஓரளவு நல்ல அடையாளம். 210-ஐ 35-ஆல் வகுத்தால் 6. மூன்றைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். கறாரான எல்லை எதுவும் கிடையாது, இனத்துக்கு இனம் மாறும், ஆனாலும் 6 என்பது சந்தேகத்துக்கு இடம் வைக்காத எண். இதேபோல் டிஒய்ஜி குறியீடு என்று ஒன்று: டிரைகிளிசரைடையும் வெறும் வயிற்று சுகரையும் பெருக்கி, இரண்டால் வகுத்து, இயற்கை மடக்கை எடுப்பது. 210 பெருக்கல் 104, பாதி 10,920, அதன் மடக்கை 9.3. ஆய்வுகளில் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் எங்காவது எல்லை வைப்பார்கள். போனில் உள்ள கால்குலேட்டரிலேயே போடலாம், ‘எல்என்’ பட்டனை அழுத்த வேண்டும், ‘லாக்’ பட்டன் அல்ல. லாக் அழுத்தினால் 4.04 வரும், நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள்.

இவ்வளவும் மறைமுகம். நேரடியாக இன்சுலினையே அளக்கலாமே என்று தோன்றும். அளக்கலாம். வெறும் வயிற்று இன்சுலினையும் அதே ரத்தத்தின் சுகரையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் ஹோமா-ஐஆர். இன்சுலின் 17 என்று வைத்தால் 104 பெருக்கல் 17 வகுத்தல் 405, ஆக 4.4. இந்தியர்களில் சுமார் 2.5-ஐச் சுற்றி எல்லை வைப்பது வழக்கம். ஆனால் இந்தப் பரிசோதனையைத் தனி ஒருவருக்கு எழுதிக்கொடுக்க நான் தயங்குவேன், காரணம் அதன் பலவீனங்கள். இன்சுலின் அளக்கும் கருவிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒரு லேபின் 12 இன்னொரு லேபின் 17 ஆக இருக்கலாம். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்துவிட்டால் அதிலிருந்து வெளிவரும் நொதி இன்சுலினைச் சிதைத்து எண்ணைக் குறைத்துவிடும். முடி கொட்டுகிறது என்று 5 மி.கி., 10 மி.கி. பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, பயோட்டின் பிணைப்பை வைத்து இயங்கும் சில கருவிகளில் இன்சுலினும் சி-பெப்டைடும் பொய்யாகக் குறைந்து காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், லேபிலும் சொல்ல வேண்டும். டிரைகிளிசரைடும் எச்டிஎல்லும் இடுப்பும் ஒன்று சேர்ந்து ஒரே திசையைக் காட்டும்போது இன்சுலின் அளவு புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை.

சி-பெப்டைடின் இடம் வேறு. கணையம் ஒவ்வொரு இன்சுலின் மூலக்கூறோடும் ஒரு சி-பெப்டைடை வெளியே விடுகிறது. இன்சுலினில் ஏறக்குறைய பாதியை ஈரல் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். சி-பெப்டைடு அப்படிப் பிடிபடாது, ரத்தத்தில் அதிக நேரமும் நிற்கும். நீரிழிவு வந்த பிறகு ‘கணையத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது’ என்ற கேள்விக்கு, முக்கியமாக ஒல்லியாக இருந்து சுகர் திடீரென ஏறியவர்களுக்கு, இதுதான் சரியான பரிசோதனை. சிறுநீரகம் பழுதானவர்களில் வெளியேறாமல் தேங்கி அதிகமாகக் காட்டும்.

இனி சுகர் எண்ணையே எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் வசதி பெருகிய பிறகு இது முன்பைவிட முக்கியமாகிவிட்டது. ரத்தத்தை டியூபில் எடுத்த பிறகும் அதிலுள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, குளுக்கோஸைத் தின்றுகொண்டேதான் இருக்கும். பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். காலை ஆறரைக்கு 110 இருந்த ரத்தம், பையில் மூன்று மணி நேரம் ஊரைச் சுற்றி ஒன்பதரைக்கு லேபுக்குப் போனால் 92 ஆகக் காட்டலாம். பார்டர்லைன் என்பதே காணாமல் போய்விடும். இதைத் தடுக்கத்தான் சுகருக்குச் சாம்பல் நிற மூடி போட்ட டியூப், அதில் சோடியம் ஃபுளோரைடு இருக்கும். எடுத்த உடனே எட்டு பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்க வேண்டும். ஃபுளோரைடும் உடனே வேலை செய்வதில்லை. குளுக்கோஸ் உடையும் சங்கிலியில் கடைசிப் பகுதியில் உள்ள நொதியைத்தான் அது அடைக்கிறது, அதற்கு முந்தைய படிகள் ஓடி ஓயும்வரை முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். சிட்ரேட் சேர்த்த டியூபுகள் உடனே நிறுத்திவிடும், ஆனால் எல்லா லேபிலும் கிடைக்காது. ஆகவே வீட்டில் ரத்தம் எடுக்க வருபவரிடம் இரண்டு விஷயம் பாருங்கள்: சுகருக்குச் சாம்பல் மூடி டியூப் தனியாக எடுக்கிறாரா, எப்போது லேபில் சேர்ப்பார். சந்தேகமாக இருந்தால் சுகருக்கு மட்டுமாவது நேரே லேபுக்குப் போய்க் கொடுப்பது மேல்.

வெறும் வயிறு என்பது குறைந்தது எட்டு மணி நேரம், டிரைகிளிசரைடும் சேர்த்துப் பார்ப்பதானால் பத்து முதல் பன்னிரண்டு. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். காபி, சர்க்கரை போடாததாக இருந்தாலும், வேண்டாம். பதினாறு மணி நேரம் பட்டினி கிடந்து போவதும் தவறு. முந்தின இரவு கல்யாணச் சாப்பாடோ மதுவோ இருந்தால் டிரைகிளிசரைடை அன்று பார்க்காதீர்கள். இயல்பாகவே அது நாளுக்கு நாள் சுமார் இருபது சதவீதம் ஏறி இறங்கும் எண், ஒரே ஒரு 160-ஐ வைத்தோ ஒரே ஒரு 140-ஐ வைத்தோ முடிவெடுக்கக் கூடாது. வீட்டுக் குளுக்கோமீட்டரும் அப்படித்தான். 100-க்கு மேல் 15 சதவீதம் வரை விலகினாலும் சர்வதேசத் தரம் அதை ஏற்றுக்கொள்கிறது. தினசரி கண்காணிப்புக்கு அது போதும், நீரிழிவு உண்டா இல்லையா என்று தீர்மானிக்கப் போதாது.

‘மூணு மாச சுகர்’ எனப்படும் எச்பிஏ1சிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. சாப்பிட்டிருந்தாலும் சரி, ஊதா மூடி டியூபில் சில மணி நேரம் இருந்தாலும் சரி. 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5-லிருந்து நீரிழிவு. அதை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் சராசரி சுகர் வரும், 6-க்கு 126, 7-க்கு 154. ஆனால் அதற்கே உரிய ஒரு பலவீனம் உண்டு. அது அளப்பது சுகரை நேராக அல்ல, சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிய சுகரை. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும் என்ற அனுமானத்தின் மேல்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைவில் புதிய அணுக்கள் வருவது மந்தமாகி, பழைய அணுக்களின் பங்கு கூடும், அதனால் சுகர் ஏறாமலே எச்பிஏ1சி ஏறிக் காட்டும். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது இது ஓரத்தில் தள்ளிவிடக்கூடிய விஷயமல்ல. ஹீமோகுளோபின் 9, எச்பிஏ1சி 6.1, வெறும் வயிற்று சுகர் 88 என்று ஒரு பெண்ணின் ரிப்போர்ட் இருந்தால் முதலில் இரும்புச்சத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் சுகரைப் பற்றிப் பேச வேண்டும். பி12 குறைவிலும் இப்படி நடக்கலாம்.

எதிர்த்திசையிலும் தவறும். அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய்கள், சமீபத்திய ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றியது, சிறுநீரக நோய்க்கு எரித்ரோபாய்டின் ஊசி போடுவது, கர்ப்பம் ஆகியவற்றில் சுகர் அதிகமிருந்தும் எச்பிஏ1சி குறைந்து காட்டும். இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களிலும் புதிய அணுக்கள் பெருகுவதால் எண் இறங்கும், அதை உணவுக் கட்டுப்பாட்டின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹீமோகுளோபின் ஈ, டி, எஸ் போன்ற மாறுபட்ட வகைகள் இருப்பவர்களுக்குச் சில கருவிகள் தப்பான எண் தரும். ரிப்போர்ட்டில் எச்பிஎல்சி முறை என்று போட்டு வரைபடமும் கொடுத்திருந்தால் அதில் அசாதாரண முகடு தெரியும். இப்படி எச்பிஏ1சியை நம்ப முடியாத இடங்களில் ஃபுருக்டோசமைன் அல்லது கிளைகேட்டட் ஆல்புமின் பார்க்கலாம், அவை கடந்த இரண்டு மூன்று வாரத்தின் கதையைச் சொல்லும். ஆல்புமினே குறைவாக இருந்தால் அவையும் உதவாது.

வெறும் வயிற்று சுகரும் எச்பிஏ1சியும் ஒத்துப்போகாவிட்டாலோ, நம் மாதிரி மனிதரைப்போல இரண்டும் விளிம்பில் இருந்தாலோ, தீர்ப்பு சொல்ல வேண்டியது குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை. ஆனால் அது அரிதாகத்தான் செய்யப்படுகிறது, செய்யும்போதும் அரைகுறையாக. சரியான முறை: முந்தைய மூன்று நாள் வழக்கம்போல் மாவுச்சத்து சாப்பிட வேண்டும், நாளுக்கு 150 கிராமுக்குக் குறையாமல். பயந்துபோய் மூன்று நாள் சோற்றை விட்டுவிட்டு வந்தால் உடல் குளுக்கோஸைக் கையாளத் தடுமாறி எண் பொய்யாக ஏறும். இரவு பட்டினிக்குப் பின் முதல் ரத்தம். பிறகு 75 கிராம் நீரற்ற குளுக்கோஸை 250 முதல் 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். லேபில் உள்ளது மோனோஹைட்ரேட் வகை என்றால் 82.5 கிராம் எடுக்க வேண்டும், இந்த ஏழரை கிராமைப் பலர் கவனிப்பதில்லை. குடிக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரம். இடையில் உட்கார்ந்தே இருக்க வேண்டும், புகை கூடாது, வெளியே ஒரு நடை போய்வருவதும் கூடாது. வாந்தி எடுத்தால் பரிசோதனை செல்லாது. 140-க்குக் கீழ் நார்மல், 140 முதல் 199 முன்நீரிழிவு, 200-லிருந்து நீரிழிவு. வெறும் வயிற்றில் 104 காட்டும் ஒருவர் இதில் 210 காட்டுவது நடக்கக்கூடியதுதான்.

அதற்குப் பதிலாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் பார்க்கும் சுகர் நீரிழிவைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை ஆகாது. இரண்டு இட்லியா ஆறு இட்லியா என்று யாரும் அளப்பதில்லை, நேரமும் கடைசி வாயிலிருந்து கணக்கிடப்படுகிறது. முதல் வாயிலிருந்து எண்ண வேண்டும். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள் அந்த வேளை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். மாத்திரையை விட்டுவிட்டுப் பார்த்தால் மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கே பதில் கிடைக்காது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் தனி வழி உண்டு. சென்னையின் டாக்டர் வி. சேஷையா முன்னின்று கொண்டுவந்த முறையில், கடைசியாக எப்போது சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து 140 அல்லது மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு தொலைதூரத்திலிருந்து பஸ் ஏறி வர முடியாத பெண்களுக்கு இது பெரிய உதவி. அப்படிக் கண்டறியப்பட்டவர்கள் குழந்தை பிறந்து ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் மறுபடி முழு முறையில் குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தச் சமயத்தில் எச்பிஏ1சி ஏமாற்றும்.

ஈரல் வரிக்கு வருவோம். எஸ்ஜிபிடி 56. லேபின் ‘நார்மல்’ எல்லை 40, 45, 50 என்று இருக்கும், ஆனால் அந்த எல்லைகள் பலவும் ஈரலில் கொழுப்பு படிந்தவர்களையும் சேர்த்து எடுத்த சராசரியிலிருந்து வந்தவை. ஆணுக்கு 33, பெண்ணுக்கு 25-ஐத் தாண்டினாலே கவனிக்கலாம். கொழுப்பு ஈரலில் எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடியைவிட அதிகமாக இருக்கும். மதுவில் பொதுவாகத் தலைகீழ், ஜிஜிடி என்ற இன்னொரு ஈரல் நொதியும் கூடவே ஏறும். முக்கியமான கேள்வி ஈரல் தழும்பேறுகிறதா என்பது. அதற்கு ஃபிப்-4 கணக்கு: வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கை (ஆயிரங்களில்) பெருக்கல் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் என்பதால் வகுக்க வேண்டும். தட்டணு 2.4 லட்சம் என்று வைத்தால் 44 பெருக்கல் 38, அதை 240 பெருக்கல் 7.48-ஆல் வகுக்க, 0.93. 1.3-க்குக் கீழ் இருப்பதால் இப்போதைக்குத் தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. தாண்டியிருந்தால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படும். 65 வயதுக்கு மேல் எல்லை 2. எஸ்ஜிபிடி நார்மலாக இருப்பதாலேயே ஈரல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யூரிக் அமிலம் 7.3: அதிகமான இன்சுலின் சிறுநீரகத்தை யூரிக் அமிலத்தைப் பிடித்துவைக்கச் செய்கிறது. மூட்டுவலி இல்லாவிட்டால் இந்த எண்ணுக்காக மாத்திரை வேண்டாம். ரத்த அழுத்தத்துக்குத் தயாசைடு வகை மருந்து சாப்பிட்டால் அதனாலும் ஏறும். அழற்சியைக் காட்டும் எச்எஸ்-சிஆர்பி பரிசோதனையும் ரிப்போர்ட்டில் இருந்தால், 1-க்குக் கீழ் நல்லது, 3-க்கு மேல் அழற்சி அதிகம், ஆனால் 10-ஐத் தாண்டினால் அது சளியோ பல் சீழோ காட்டும் எண். குணமாகி இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

கொழுப்புத் திசு சுரக்கும் அடிபோனெக்டின், லெப்டின், புரதத்தின் பகுதிகளான கிளைத்தொடர் அமினோ அமிலங்கள் என்று விலை உயர்ந்த பேக்கேஜ்களில் சேர்த்து விற்கப்படுபவை உண்டு. அறிவியல் பொய்யல்ல. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் சந்ததி ஆய்வில் லியூசின், ஐசோலியூசின், வாலின், டைரோசின், பினைல்அலனின் ஆகிய ஐந்து அமினோ அமிலங்களும் நீரிழிவு வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே உயர்ந்திருந்ததை 2011-இல் காட்டினார்கள். ஆனால் அந்த எண் கையில் கிடைத்தாலும் மருத்துவர் வேறு எதுவும் செய்யப்போவதில்லை. அந்தக் காசில் அப்போ-பியும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பாருங்கள்.

ஒல்லியாக இருப்பவர்கள் இதையெல்லாம் தாண்டிப் போய்விட வேண்டாம். 2004-இல் லான்செட் இதழில் வெளியான ஒரு பக்கக் கட்டுரையின் படத்தில், புனேவின் மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கும் லண்டனின் மருத்துவ ஆய்வாளர் யட்கினும் அருகருகே நின்றார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3. உடல் கொழுப்பு மட்டும் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்.

நம் மாதிரி மனிதர் என்ன செய்யலாம்? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு குளுக்கோஸ் குடித்துப் பார்த்ததில் முன்நீரிழிவு என்று தெரிந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து 2006-இல் முடிவு சொன்னது. எதுவும் செய்யாத குழுவில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5. இரண்டும் சேர்ந்து செய்தவர்களில் 39.5, அதாவது சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை. எதுவும் செய்யாமல் பார்டர்லைனில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் மூன்றே வருடத்தில் தாண்டிவிட்டார்கள் என்ற எண்ணைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

மாற்றங்கள் ரத்தத்தில் தெரியும் வரிசை ஒன்று உண்டு, அது தெரியாமல் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சோற்றின் அளவைப் பாதியாக்கி, இனிப்பையும் மதுவையும் நிறுத்தினால் டிரைகிளிசரைடு இரண்டு மூன்று வாரத்திலேயே இறங்கும். எஸ்ஜிபிடிக்கு இரண்டு மூன்று மாதம். எச்பிஏ1சிக்கு மூன்று மாதம், அதற்கு முன் பார்ப்பது வீண். எச்டிஎல் மிக மெதுவாக நகரும், எடை குறைந்துகொண்டிருக்கும்போது இன்னும் கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யும். எடை நிலைத்த பிறகுதான் ஏறும். ஆறாவது வாரம் எச்டிஎல் 33 என்று பார்த்து நடையை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே இவருக்கு முதலில், இப்போதே, ஒரு முழுமையான குளுக்கோஸ் பரிசோதனை. அது 200-க்குக் கீழ் இருந்தால் மூன்று மாதம் கழித்து சுகர், எச்பிஏ1சி, கொழுப்பு, எஸ்ஜிபிடி, கூடவே இடுப்பளவு. அதே லேப், அதே முறை. சளி காய்ச்சல் வந்திருந்தால் அது குணமாகி இரண்டு வாரமாவது ஆன பிறகு. ஸ்டீராய்டு மாத்திரையோ மூட்டில் ஸ்டீராய்டு ஊசியோ இடையில் போட்டிருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீரிழிவு அளவுக்கு எண் வந்து, அடிக்கடி சிறுநீர், தாகம், எடை குறைவு போன்ற அறிகுறி எதுவும் இல்லையென்றால், ஒரே எண்ணை வைத்து முடிவு கட்டாமல் இரண்டாவது பரிசோதனை ஒன்றால் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஒரே நாள் ரத்தத்தில் வெறும் வயிற்று சுகர் 126-ஐயும் எச்பிஏ1சி 6.5-ஐயும் தாண்டியிருந்தால் அந்த இரண்டுமே போதும். இவருடைய கூடப்பிறந்தவர்களும் முப்பது வயதைத் தாண்டியிருந்தால் இதே வரிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.